கல்லில் நட்ட மகோகனி

என்னைத் தூக்கி வளர்த்த அண்ணைக்கு,

நீங்கள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு ஊரார் அச்சடித்துப் படித்த கல்வெட்டுப் புத்தகத்தில், வறண்ட மண்ணில் வனம் கண்ட வள்ளல் என்று ஒரு வரி வந்தது. பந்தலில் இருந்த பெண்டுகள் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. எந்த வனம், அண்ணை? அந்த வரியை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அச்சுவேலியில் ஐயா எனக்குச் சீதனமாக எழுதின காணி அது. தெற்கே காட்டு இலாகாக் கந்தோரில் கிளாக்கராக இருந்த நீங்கள் பென்சனோடு வந்து இறங்கினபோது, சாக்கில் சுற்றின மகோகனிக் கன்றுகளும் உங்களோடு வந்தன. கடல் தாண்டி வந்த மரம், தெற்கே கோபுர உயரத்துக்கு நிற்கிறது, இங்கேயும் நிற்கும் என்றீர்கள். என் மனுசன் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆள் பிடித்து, காணியில் நின்ற பனைகளைத் தறிப்பித்தீர்கள்.

"ஆரைக் கேட்டுத் தறிச்சனீங்கள்?" என்றேன்.

"ஆரைக் கேக்கவேணும்? உன்னைக் கட்டிக்குடுத்தவன் நான்."

"காணி ஐயா தந்தது."

"பனையும் ஒரு மரமே? இருந்து பார். உன்ரை பிள்ளையள் என்னைக் கும்பிடுவினம்."

நீங்கள் வேலை பார்த்த ஊரில் வருசத்தில் இரண்டு தரம் மழை. மண் கறுப்பு, ஆள் இறங்கி நின்றாலும் தலை தெரியாத ஆழம். எங்கள் காணியில் ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு வானம் கையை மூடிக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாததா? இதே மண்ணில் விளையாடித்தானே வளர்ந்தீர்கள்?

முதல் மாரியில் கன்றுகள் விறுவிறு என்று வளர்ந்தன. வந்தவன் போனவன் எல்லாரையும் கூட்டிவந்து காட்டினீர்கள். பங்குனியில் இலை மஞ்சளானது. பிறகு தென்மேற்கே இருந்து சோளகக் காற்று வந்து மிச்ச இலையையும் கிழித்தது. புதிதாக வந்த குருத்தைப் புழு துளைத்தது. பட்டுப்போன ஒன்றை என் மனுசன் தோண்டி எடுத்தார். ஆணிவேர் நேரே இறங்கி, கல்லில் முட்டி, முழங்கை மடித்தது போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. உங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தண்ணி காணாது. அதுதான்," என்றீர்கள்.

கோடை முழுக்கக் காலையும் மாலையும் என் மனுசனைக் கொண்டு இறைப்பித்தீர்கள்; கிணற்றுத் துலா ஓயவில்லை. கடல் கிட்டக் கிடக்கிற ஊரில் கிணற்றை ஓயவிடாமல் இறைத்தால் உவர் ஏறும் என்று கெஞ்சினேன். கேட்டீர்களா? ஆவணியில் ஒருநாள், உப்புப் போடாத கஞ்சி வாயில் கரித்தது. எங்கள் தோட்டத்துப் புகையிலை நின்ற நிலையில் வாடியது. அன்றைக்கு இடுப்பில் ஏறின குடம் இன்னும் இறங்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு இன்றைக்கும் கோயில் கிணற்றுக்குத்தான் நடக்கிறோம்.

அப்போதும் பிழை உங்களுடையது என்று நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "உவன் ஒழுங்கா இறைக்கேல்லை," என்று என் மனுசனைக் கோயில் வீதியில் நாலு பேருக்கு முன்னால் சொன்னீர்கள். அவர் அதற்குப் பிறகு உங்கள் படலையைத் திறக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டீர்கள். "பிள்ளை, மரங்கள் எப்பிடி?" என்று கேட்டீர்கள். மச்சாள் உங்கள் தலைமாட்டில் நின்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினா.

"பட்டுப்போச்சு அண்ணை. கிணறும் பட்டுப்போச்சு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். சாகிற மனிசனுக்கு அப்படிச் சொல்லலாமோ என்று இப்பவும் என்னைப் பேசுகிறார்கள். இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். பிழைவிட்டிட்டன் பிள்ளை என்று ஒரு சொல் நீங்கள் சொல்லியிருந்தால், உங்கள் காலைப் பிடித்து அழுதிருப்பேன். அந்த ஒரு சொல் ஏன் வரவில்லை, அண்ணை?

என் மகனும் இப்போது காட்டுக் கந்தோரில்தான். போன கிழமை லீவில் வந்தவன், சாப்பிடுகிறபோது கதையைத் தொடங்கினான்.

"அம்மா, மாமா எடுத்த சாதிதான் பிழை. தேக்கு எண்டால் இந்த வெக்கையைத் தாங்கும். கல்லை உடைச்சுப்போட்டு நடுவம்."

நான் வாய் திறக்க முதல் மகள் கேட்டாள்: "அண்ணை, அது எனக்குத் தாற காணி. என்னைக் கேட்டனீங்களோ?"

அவன் சிரித்தான். "உனக்கென்ன தெரியும் மரத்தைப் பற்றி?"

அது உங்கள் சிரிப்பு, அண்ணை. செத்தும் என் வீட்டில் இருந்து சிரிக்கிறீர்கள்.

உங்கள் திவசத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன். அது என் கடமை. ஆனால் இந்தக் கிழமையே பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய்க் காணியை மகளின் பேருக்கு எழுதுகிறேன். அதில் அவளுடைய தமையன் ஒரு குச்சி ஊன்றுவதென்றாலும் அவள் வாயால் ஓம் சொல்லவேணும். அவள் சொல்லாவிட்டால் காணி வெறுமனே கிடக்கும். நான் உயிரோடு இருக்கும்வரை படலையில் நின்று பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் உடன்பிறந்தவள்,
காணிக்குச் சொந்தக்காரி