சுருண்ட முள்ளெலியின் அடிப்பக்கம்

கண்ணம்மா,

இன்னிக்குக் காலைல பதினொன்னு பதினேழுக்கு ஒரு செய்தி வந்துச்சு, அதைச் சொல்றதுக்கு முன்னாடி நீ நல்லா இருக்கியா, காது வலி விட்டுச்சா, அதை எழுது. நான் இருக்கேன். சாப்பாடு உள்ள போகுது, ருசிதான் எங்கயோ போயிடுச்சு. மியூசியத்துல ஏணி மேல நின்னு பல்பு மாத்திட்டு இருந்தப்ப போன் அதிர்ந்துச்சு, டைரக்டர்தான். உங்கம்மா கண்டுபிடிச்சது தப்புன்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சாம், புதுக் கண்காட்சில இருந்து அவ பேரை எடுக்கறாங்களாம், குடும்பத்து சார்பா நான் நாலு மணிக்குள்ள சம்மதம்னு கையெழுத்துப் போடணுமாம். கீழ ஆழ்ந்த அனுதாபம் வேற. அம்மா போய் எழுபத்தி மூணு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள பேரும் போகணுமாம்.

நீ காலேஜுக்குக் கிளம்பினப்ப இது பாதில இருந்துச்சு, அதனால விவரமாச் சொல்றேன். அம்மா ஒரே வாரத்துல ஒரே மருந்து போட்டு, செத்த உடம்பு கெடாம பாடம் பண்ணாளே மூணு முள்ளெலி, அதுல ரெண்டு டிராயருக்குள்ள போச்சு, ஒண்ணு கண்ணாடிப் பெட்டில சுருண்டு படுத்துச்சு. போன வருஷம் நான் செஞ்சு கொடுத்த புற ஊதா விளக்கை அடிச்சா, டிராயர்ல இருந்த ரெண்டும் முள்ளு முள்ளாச் சிவப்பா ஒளிருது. அவ போட்ட கூச்சல்ல வாட்ச்மேன் விசில் ஊதிட்டே ஓடி வந்தாரு. முள்ளுல போர்ஃபிரின்னு ஒண்ணு இருக்கு, ரத்தச் சிவப்புக்குச் சொந்தக்காரப் பொருள், நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிட்டுச் சிவப்பாத் திருப்பிக் கொடுக்குது. எதுக்குன்னு கேட்டா யாருக்கும் முழுசாத் தெரியாது. ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுக்கன்னு சிலர், சும்மா உடம்புல மிஞ்சினதுன்னு சிலர். இதனால என்ன பிரயோஜனம்னு உன் அத்தை கேட்டதுக்கு அம்மா, உங்க தம்பியாலயும்தான் ஒரு பிரயோஜனமும் இல்ல அண்ணி, நான் வெச்சுக்கலையான்னா.

கமிட்டிக்காரங்க கண்ணாடிப் பெட்டில இருக்கறதுக்கு மட்டும் விளக்கடிச்சுப் பார்த்திருக்காங்க. ஒளிரல. அப்ப டிராயர்ல இருக்கறது வெறும் மருந்துக் கறைன்னு எழுதிட்டாங்க. ஒரே மருந்துதானே, கறைன்னா மூணும்தானே ஒளிரணும்? ஏணில இருந்து இறங்கறப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. அந்தப் பொருள் வெளிச்சம் பட்டுப் பட்டு அழிஞ்சுபோற சாதி. ஏழு வருஷமா அது தலைல வெளிச்சத்தைக் கொட்டினது யாரு, நான்தான். ஒவ்வொரு முள்ளும் தெரியணும்னு பெரிய லைட்டா மாட்டிட்டு, பாரு எப்படி இருக்குன்னு அவகிட்டயே பீத்திக்கிட்டேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் பெட்டியைத் திறந்தேன், சாவி என்கிட்டதானே இருக்கு. அது படுத்திருந்த பலகையோட ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிட்டுப் போய், நாலு ஸ்க்ரூவையும் கழட்டி, திருப்பி, விளக்கை அடிச்சேன். மேல் பக்கம் செத்த சாம்பல். பலகையோட ஒட்டிக்கிட்டு வெளிச்சமே படாத அடி முள்ளு மட்டும் உன் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல்னு. அழுகை வரும்னு நின்னு பார்த்தேன், வரல. கோவம்தான் வந்துச்சு, அது போதும். போட்டோ எடுத்து மூணு பிரிண்ட் போட்டேன். கூடவே கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதினேன், மங்கினதுக்குக் காரணம் நான் மாட்டின லைட்டு, கண்டுபிடிச்சது அவ, கையெழுத்துப் போட மாட்டேன், சந்தேகம்னா எல்லார் முன்னாடியும் திருப்பிப் பாருங்கன்னு. மியூசியப் பொருளைக் கெடுத்தேன்னு நீயே எழுதிக் கொடுத்தா வேலை போயிடும்டா, போட்டுத் தொலை, போனவளுக்கு எதுக்குப் பேருன்னு அத்தை போன்ல கத்தறாங்க. போனவளுக்குத்தான், அக்கா, பேர் வேணும், இருக்கறவன் நேர்லயே வந்து நிப்பேன்னேன். வேலை போனா போகட்டும், ஃபியூஸ் போகாத வீடு எங்க இருக்கு. ஒரு பிரிண்ட் இந்தக் கவர்லயே இருக்கு, உன் ரூம் சுவத்துல ஒட்டு, இது போட்டோதான், வெளிச்சம் பட்டாப் பரவால்ல. யாராவது என்னன்னு கேட்டா எங்கம்மா கண்டுபிடிச்சதுன்னு சத்தமாச் சொல்லு.

நல்லா இரு, நினைச்சதெல்லாம் உனக்கு நடக்கட்டும், தப்புன்னு தெரிஞ்ச காகிதத்துல மட்டும் யார் மிரட்டினாலும் கையெழுத்துப் போடாதே. காதுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே. லைன் கிடைக்கலன்னா பயந்துடாதே, மாடி வீட்டு டீச்சர் நம்பருக்கு அடி, கூப்பிடுவாங்க.

உன் பக்கமும் அவ பக்கமும் நிக்கற,
உங்கம்மாவோட லைட்டுக்காரன், உன் அப்பா

மணி மூணு அம்பது. டைரக்டர் நாலாவது தடவையாக் கூப்பிட்டாரு. போனை அணைச்சுட்டேன்.