இரட்டை முடிச்சு

சூரத்தில் இருப்பவருக்கு,

பௌஷ சங்கராந்திக்கு முந்தின நாள் உங்கள் அம்மா வழக்கம்போல நெற்குதிர், உங்கள் சைக்கிள் எல்லாவற்றிலும் வைக்கோல் பிரி கட்டி, "மூணு நாளைக்கு எங்கயும் போகாத, வீட்டுலயே இருந்து பிட்டே தின்னு" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். என் தகரப் பெட்டிக்கு மட்டும் இரண்டு முடிச்சு.

"பெட்டிக்குக் கால் முளைச்சிருக்காம்மா?" என்றேன்.

"உனக்கு முளைச்சிருக்கே."

அன்று காலை உங்கள் போனை எடுத்தவள் நம் ஊர்ப் பாங்குரா பேச்சுதான் பேசினாள். "அவரு குளிச்சிட்டிருக்காரு" என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் ராங் நம்பர் என்றேன்.

மூன்று நாளும் பிட்டே பலகாரத்துக்கு அரிசி மாவு இடித்தேன், தேங்காய் துருவினேன். எதிலும் கை ஓடவில்லை. பிட்டே இரண்டு தடவை கருகியது. அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இன்று விடிந்ததும் என் பெட்டியின் முடிச்சை அவரே அவிழ்த்தார்.

"கிளம்புடி. பெத்தவ நான் காத்துக் கிடக்கிறேன். உனக்கென்ன தலையெழுத்து?"

வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். உங்கள் சைக்கிளில் கட்டிய வைக்கோலை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை.

உங்கள் வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தவள்