ஜெனிபா சொன்ன பாவங்கள்

வெள்ளிக்கிழமை.

இன்று மூன்றாம் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். ஒரு மாதமாகத் தயாரித்தது நான்தான். "ஒரு பாவத்தைக்கூட மறைக்காம ஃபாதர்கிட்ட சொல்லணும்" என்று தினமும் தொண்டை கிழியச் சொன்னேன். பாவம் என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து வேனில் வருகிற ஜெனிபாதான் முதலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போனாள். காலை அசெம்பிளியில் மைக் இல்லாமலே செபம் சொல்கிற குரல் அவளுக்கு. ஆலயம் முழுக்கக் கேட்டது.

"எங்க வீட்டு ஆடு பாவம் ஃபாதர், கால் ஒடிஞ்சு கெடக்கு. வாட்ச்மேன் அண்ணாச்சி பாவம், மழையில நனையுதாவ. எங்க டீச்சர்தான் ரொம்பப் பாவம். முப்பத்திநாலு வயசாச்சு, இன்னும் மாப்பிள்ளையே அமையல."

வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். உள்ளே ஃபாதர் இருமினார். அது இருமல் இல்லை. சத்துணவு அக்காவிடம் நான் புலம்பியதை இவள் எங்கே நின்று கேட்டாளோ!

வெளியே வந்தவள் நேராக மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டாள். "என்னட்டி செய்யுத?" என்று பல்லைக் கடித்தேன்.

"ஃபாதர் மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாவ டீச்சர். உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "மூணு போதுமாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.