நிஸ்தாரிணியின் பாதி

காளிகாட், கல்கத்தா
பிரமாதீச வருஷம், கார்த்திகை மாதம்

டில்லியில் இருக்கும் அகத்துக்காரருக்கு ஜகதாம்பாள் அநேக நமஸ்காரம். இங்கே நானும் குழந்தை காமுவும் சௌக்கியம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஆபீஸில் நாலு பேர் நடுவில் பிரிக்க வேண்டாம். ஜாகைக்குப் போய்ப் படியுங்கள். கோபத்தோடு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. கிணற்றடி அறையில் இருக்கும் விதவையிடம் முத்திரைக் காகிதத்தில் கைநாட்டு வாங்கி, அவளைக் காசிக்கு ரயிலேற்றிவிட வேண்டும். சிநேகிதர் சுந்தரேசன் எல்லாம் பார்த்துக்கொள்வார். நான் குறுக்கே பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பெயர் நிஸ்தாரிணி. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைக்கூட நீங்கள் விசாரிக்கவில்லை.

இந்த வீட்டை வாங்குமுன் ரிஜிஸ்திரார் ஆபீஸில் போய்த் தேடினீர்கள். அடமானம் இல்லை, கோர்ட்டு ஜப்தி இல்லை என்று தெரிந்ததும் திருப்தியாகிவிட்டீர்கள். வீட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் பாத்தியதையில் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். பத்திர விஷயத்தில் பெண்டுகளுக்கு என்ன தெரியும் என்று சுந்தரேசன் எதிரிலேயே சொன்னீர்கள். விற்ற ஹரிபத பாபு, யாரோ தூரத்துச் சொந்தம், துர்க்கா பூஜை முடிந்ததும் போய்விடுவாள் என்றார். அதை நம்பினீர்கள்.

பூஜை முடிந்தது. சுந்தரேசன் இரண்டு கூலிகளை அழைத்து வந்து அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவள் வாசற்படியில் வந்து நின்றாள். இந்த வீட்டில் பாதி என் புருஷனுடையது, ஹரிபத அவருக்குத் தம்பி, என்னைக் கேட்காமல் என் பாதியை விற்க அவன் யார் என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. கூலிகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சுந்தரேசன் என்னிடம் வந்து, "மன்னி, அறுத்தவளுக்குச் சோறும் புடவையும்தான் பாத்தியதை. நம்ம ஊர்ல தெரியாததா? மாசாமாசம் படி தரோம்னு இதுல எழுதியிருக்குன்னு சொல்லுங்கோ. உங்க வார்த்தையை நம்பறா, போட்டுடுவா," என்றார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. காமு ஜுரத்தில் கிடந்தபோது அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்லிக் கஞ்சி புகட்டினாள். அந்த நம்பிக்கையை விற்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

அவள் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது, நீ சொல் மா என்று என்னைக் கேட்டாள். உங்கள் கடிதத்தில் படித்ததை எனக்குத் தெரிந்த வங்காளத்தில் உள்ளபடி சொன்னேன். அவர்கள் பாஷையில் அக்கா என்று அழைத்து, தீதி, இது உங்களை வெளியே அனுப்புகிற காகிதம், போடாதீர்கள் என்றேன். சுந்தரேசன் முகம் சிவந்து, உங்களுக்கு எழுதிவிடுவதாகச் சொல்லிப் போனார். எழுதட்டும்.

மறுநாள் நானும் தீதியும் மூடு வண்டி வைத்துக்கொண்டு ஆலிப்பூர் வக்கீல் ஒருவரிடம் போனோம். நீங்கள் இல்லாமல் படி இறங்கினேன் என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் போயிருக்க வேண்டிய இடம் அது. பத்திரத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: வங்காளத்துச் சட்டம் வேறு. பிள்ளையில்லாமல் இறந்தவனின் பங்கு, பாகம் பிரியாத குடும்பமானாலும், தம்பிக்குப் போகாது. பெண்டாட்டிக்கு அவள் ஆயுள் வரை போகும். ஹரிபத பாபு விற்றது அவருடைய பாதியை மட்டும்தான். முழு வீட்டுக்கு நீங்கள் கொடுத்ததில் பாதியை அவரிடம் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இத்துடன் வக்காலத்துக் காகிதம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். மாடி தீதிக்கு, கீழ்ப்பாகம் நமக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டுவிட்டோம். அவள் சாமான் மாடிக்கு ஏறிவிட்டது. இனி யார் வந்து சொன்னாலும் இறங்காது.

இன்னொன்று. நானும் இந்த ஊரிலே வீடு வாங்கியவள்தானே, எனக்கும் அந்தச் சட்டம்தானே என்று வக்கீலைக் கேட்டேன். பத்திரத்தில் உங்கள் பெயரோடு உங்கள் தமையனார் மஹாதேவன் பெயரும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாகம் பிரிந்த குடும்பமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா, எந்த ஊருக்கு வந்தாலும் உங்கள் ஊர்ச் சட்டம் உங்களோடேயே வரும் என்றார். சுந்தரேசன் சொன்ன சோறும் புடவையும்தான் எனக்கும் என்று புரிந்தது. திரும்பி வரும்போது வண்டியில் தீதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்காக நான் போனேன். அவள் எனக்காக அழுதாள்.

என் வளையும் ஒட்டியாணமும் விற்ற பணமும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. எழுதக் கூடாத ஒன்றை எழுத வந்து, பேனாவை நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் புரியும். புரியாவிட்டால், மாடியில் இருப்பவளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

அம்பாள் கிருபையால் நீங்கள் நூறு வயது திடகாத்திரமாக இருக்க வேண்டும். தினமும் காளி கோயிலில் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் தமையனாரிடம் பேசி, அந்தக் கீழ்ப்பாகத்தை என் பெயருக்கு எழுதி வையுங்கள். தை மாதம் லீவில் வரும்போது வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பாதம் பணியும்
ஜகதாம்பாள்