பதினான்காம் பக்கம்

786
பழவேற்காடு
12-11-1973

அன்புத் தம்பி அப்துல் வதூதுக்கு அக்கா ஜெய்னம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் நலம். மழை தொடங்கியதும் உம்மாவின் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மதரசாவில் ஓதிக்கொடுக்கிறவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று சட்டமா என்ன? நோன்புக்கு வந்தபோது பார்த்தேன், கழுத்தெலும்பு தெரிகிறது.

ஊர்க்கதை கேள். ரமலானில் நீ பள்ளிவாசல் மைக்கில் பேசிவிட்டுப் போனது இன்னும் ஓயவில்லை. கழுத்தில் கருகமணி கட்டக் கூடாது, நலங்கு கூடாது, பெண் வீட்டில் கை நீட்டிக் காசு வாங்கக் கூடாது, விதவையை வீட்டுக்குள் பூட்டி வைக்கக் கூடாது என்று நீ பேசியதையெல்லாம் அடுப்படியில் மாவுக் கையோடு நின்று கேட்டேன். கல்யாணம் ஓதிவைக்கிற காஜியாரை மட்டும் "ஊர் வழக்கத்துக்கு ஓதுகிறவர்" என்று பெயர் சொல்லிப் பேசியிருக்க வேண்டாம். பாவம், அந்தக் கிழவர் பத்து நாள் தெருவில் தலை காட்டவில்லை.

உன் பச்சை அட்டைப் புத்தகத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. பக்கத்து வீட்டு மணியம்மாளின் புருஷன் சடையப்பன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். அங்கே ஃபிட்டராக இருப்பவர் ஜக்கரியா. திருவள்ளூர்க்காரர், முப்பத்தெட்டு வயது. மனைவி மவுத்தாகி நாலு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. அவர் என்னைக் கேட்கிறார். மணியம்மாள் இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா ஜெய்னம்பு, எத்தினி வருசம்தான் வெள்ளைத் துணி கட்டிக்கினு ஊட்டுக்குள்ளயே குந்திக்கினு இருப்பே? உன் தம்பியே மைக்குல கூவிட்டுப் பூட்ச்சி. இன்னும் யாரு வந்து சொல்லணும்?"

அன்று முழுதும் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரே ரவிக்கையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். மூன்றாம் நாள் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து உம்மா என்னோடு பேசுவதில்லை.

வாப்பா இல்லாத வீட்டில் என்னை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டிய வலீ நீதான். உன்னால் வர முடியாவிட்டால், உனக்குப் பதிலாகக் காஜியார் நின்று கொடுக்கட்டும் என்று இரண்டு சாட்சி வைத்து எழுதி அனுப்பினால் போதுமாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து, முஹர்ரம் பிறப்பதற்குள் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். சீக்கிரம் எழுது தம்பி. எனக்கு முப்பத்தொரு வயதாகிறது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

உன் அக்கா
ஜெய்னம்பு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்
வாணியம்பாடி
24-11-1973

கண்ணியத்திற்குரிய அக்கா அவர்களுக்குத் தம்பி அப்துல் வதூது எழுதுவது. வஅலைக்குமுஸ் ஸலாம்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கடிதத் தலைப்பில் 786 என்று எண் போடாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பிஸ்மில்லாஹ் என்று முழுதாக எழுதுங்கள்.

உங்கள் செய்தி கண்டு மகிழ்ந்தேன். மார்க்கம் அனுமதித்ததை எவரும் தடுக்க முடியாது. நிக்காஹ் நடக்கும்போது கருகமணி, மாலை, பாட்டு எதுவும் வேண்டாம் என்பதை இப்போதே உம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆயினும் ஒரு வேண்டுகோள். இங்கே தோல் ஷாப் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் தம் மகளை எனக்குத் தர இசைந்திருக்கிறார். சீர் இல்லை, ரொக்கம் இல்லை, மஹர் மட்டும் நான் பெண் கையில் கொடுக்கிறேன். இந்தப் பக்கம் இப்படி ஒரு நிக்காஹ் நடந்ததில்லை. இது நடந்துவிட்டால் நூறு ஏழை வீட்டுப் பெண்களுக்கு வழி திறக்கும். ஆனால் அந்த வீட்டில் எந்த விதவையும் மறுபடி நிக்காஹ் செய்ததில்லை. ஹாஜியாரின் தாயார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள். அக்கா தொழுகையும் ஓதலுமாக இபாதத்திலேயே இருக்கிறார்கள், உலக ஆசையைத் துறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

என் நிக்காஹ் ஏப்ரலில். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நானே வந்து முன்னின்று நடத்துகிறேன்.

தங்கள் தம்பி
அப்துல் வதூது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்
பழவேற்காடு
5-12-1973

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னபடி முழுதாக எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

தண்ணீர் ஏறி நாலு நாள் பொன்னேரி பஸ் வரவில்லை. தபால்காரரும் வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து, கடைசியில் உம்மாவே வாய் திறந்து, "ஏண்டி, தரை தேயுது" என்றாள். அப்படி நடந்து வாங்கிய கடிதத்தில் இது இருக்கிறது.

நான் உலக ஆசையைத் துறந்துவிட்டேனா? எப்போது துறந்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தொழுகிறேன், ஓதுகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தால் நான் பொம்பளைதானே தம்பி! கலர் சேலையைத் தொட்டுப் பார்த்து வைத்துவிடுகிறேன். கல்யாண வீட்டில் மருதாணி அரைக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள், வைத்துக்கொள்ள யாரும் கூப்பிடுவதில்லை.

உன் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தை எடுத்துப் பார். "எனக்குத் தெரிந்த ஒரு பெண் பத்தொன்பது வயதில், மணமாகி ஏழாம் மாதத்தில் விதவையானாள். பன்னிரண்டு வருடமாக அவளை வெள்ளையில் உட்கார வைத்திருக்கும் வீட்டார் நாளை அல்லாஹ்வின் முன் என்ன பதில் சொல்வார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை அதைப் படித்து அழுதேன். என் தம்பிக்கு என் மேல் இத்தனை பாசமா என்று அழுதேன். இப்போது கேட்கிறேன், அந்த வீட்டார் யார்? உம்மாவுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. மிச்சம் நீதான்.

ஆறு வருடம் முன்பு பொன்னேரியிலிருந்து ஒருவர் கேட்டார். உன் ஓதல் முடியட்டும் என்றார்கள். பொறுத்தேன். அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அப்புறம் நீ பட்டம் வாங்கட்டும் என்றார்கள். இப்போது உன் கல்யாணம் ஆகட்டும் என்கிறாய். அது ஆனதும் உன் மாமியார் வீட்டு மனசு கோணக் கூடாது என்பாய். என்னால் இனி முடியாது. பேஜாராகிவிட்டது, தம்பி.

அதே பக்கத்தின் அடியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். காரணமில்லாமல் வலீ மறுத்தால் காஜி அவர் இடத்தில் நின்று நிக்காஹ் செய்து கொடுக்கலாம் என்று. அதை நான் மடித்து அடையாளம் வைத்திருக்கிறேன். டிசம்பர் இருபது வரை உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

ஜெய்னம்பு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்
பழவேற்காடு
24-12-1973

தம்பிக்கு. அஸ்ஸலாமு அலைக்கும்.

இருபதும் போயிற்று. இன்று மணியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காஜியார் வீட்டுக்குப் போனேன். படுதாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். புத்தகத்தை நீட்டினேன். உன் பெயரைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். மணியம்மாள் விடவில்லை. "பாய், அந்தப் புள்ள மேல இருக்கிற கோவத்த இந்தப் பொண்ணு மேல காட்டாதீங்கோ. மட்சி வெச்சிக்கிற பக்கத்த மட்டும் படிங்கோ" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "உன் தம்பி என்னை ஊர் முன்னால வெச்சி வாங்கினான். அது கெடக்கட்டும். இந்தப் பக்கத்த சரியாத்தான் எழுதிக்கிறான். நான் அவனுக்கு ரிஜிஸ்தர்ல ஒரு லெட்டர் போடறேன். பெருநாள் கழிச்சும் பதில் இல்லேன்னா, நானே நிக்கிறேன்மா."

நிக்காஹ் ஜனவரி 11, வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு. நீ வந்து நின்றால் காஜியார் விலகிக்கொள்வார். எனக்கும் அதுதான் ஆசை. கோபத்தில் எழுதியதை மனசில் வைக்காதே.

அக்கா

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்
வாணியம்பாடி
1-1-1974

அன்புள்ள அக்காவுக்கு,

காஜியாரின் ரிஜிஸ்தர் கடிதம் நேற்று வந்தது. என் புத்தகத்தின் வரிகளையே எடுத்து எழுதி, மரியாதையோடு சம்மதம் கேட்டிருக்கிறார். நான் அவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இரவு முழுதும் தூங்கவில்லை. பதினான்காம் பக்கத்தை எழுதியபோது நான் உங்களைத்தான் நினைத்தேன். படிக்கிறவர்கள் ஊரார் என்று மட்டும் நினைத்துவிட்டேன்.

ஹாஜியார் வீட்டில் என்ன ஆனாலும் ஆகட்டும். சம்மதக் கடிதம் எழுதி, மதரசா உஸ்தாதுகள் இருவரின் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். காஜியாரிடம் கொடுங்கள். இன்றே தபாலில் சேர்க்கிறேன். பெருநாளுக்கு முன்பே கிடைத்துவிடும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். என்னை மன்னியுங்கள்.

உங்கள் வதூது

786
கும்மிடிப்பூண்டி
15-1-1974

அன்புத் தம்பி வதூதுக்கு அக்கா ஜெய்னம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ் முடிந்தது. காஜியார் வலீயாக நின்றார். கடைசி வரை, "பொன்னேரி பஸ் வரட்டும், பையன் வந்தாலும் வருவான்" என்று உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது. இறங்கினவர்களில் நீ இல்லை. அப்புறம்தான் ஓதினார்.

உம்மா கதை கேட்டால் நீ நம்ப மாட்டாய். காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மணியம்மாளோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். எங்கோ கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் கருகமணியோடு வந்து நின்றாள். தம்பி வேண்டாமென்று எழுதியிருக்கிறான் என்றேன். "எழுதினா எழுதட்டும். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. கழுத்தக் காட்டுடி" என்றாள். அவளே கட்டி முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டு வருடம் முன்பு அதை அறுத்ததும் அவள் கைதான். நான் தடுக்கவில்லை. அது தப்பு என்றால் என் கணக்கில் எழுதிக்கொள்.

உன் கடிதம் மறுநாள் சனிக்கிழமை வந்தது. உள்ளே ஜனவரி ஒன்று என்று தேதி. இன்றே தபாலில் சேர்க்கிறேன் என்றும் இருக்கிறது. உறையின் மேல் முத்திரை ஜனவரி பத்து. உறை நாலாக மடிந்து, வியர்வை பட்டு விலாசம் கலங்கியிருக்கிறது. தபால்காரர் அப்படி மடிப்பதில்லை. ஒன்பது நாள் உன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. நடுவில் பெருநாள் வந்தது. ஹாஜியார் வீட்டு விருந்துக்கும் அதோடுதான் போயிருப்பாய்.

நீ எழுதியது மனசாரத்தான், அது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. மறுத்து எழுதியிருந்தால் ஒரு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். புத்தகத்தை எழுதி ஆயிரம் பேருக்கு அனுப்பினாய். இந்த ஒரு தாளை அக்காவுக்குப் போடத் தபால் பெட்டி வரை போக உனக்குக் கால் வரவில்லை.

இங்கே ஒற்றை அறை வீடு. பின்னால் கம்பெனி சத்தம், நாள் முழுதும் தகரம் அதிர்கிறது. அவர் நல்லவராகத் தெரிகிறார். அதிகம் பேசுவதில்லை. என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். இன்னும் எதற்கும் பழகவில்லை, விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. உம்மா மாதத்தில் பாதி என்னோடு இருப்பாள்.

ஏப்ரலில் நீ அழைத்தால் உன் நிக்காஹ்வுக்கு வருகிறேன். அவரோடு வருவேன், பச்சைச் சேலையில் வருவேன். ஹாஜியாரின் தாயார் இது யார் என்று கேட்பார்கள். அப்போது என்ன சொல்வாய் என்பதை எனக்கு முன்கூட்டியே எழுதிவிடு. எழுதினால், அன்றைக்கே பெட்டியில் போட்டுவிடு.

உன் அக்கா
ஜெய்னம்பு