கேட்டது நேரம் மட்டும்தான்

2025 ஜூலை 3, வியாழன்

பள்ளியில் பாரதியைத் துணை முதல்வர் ஆக்கிவிட்டார்கள். சால்வை, கைதட்டல், ஆளுக்கொரு லட்டு. எனக்கு எட்டு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். வேதியியல் நடத்துவது நான், மேடையில் உட்காருவது மற்றவர்கள். லட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து உப்பளம் ரோட்டில் ஒரு நாய்க்குப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

தம்பி லூர்துபிரகாஷ் பாரிஸிலிருந்து வந்து இறங்கிவிட்டானாம். ஜூலை பதினான்கு பிரெஞ்சு தேசிய நாள் விழாவுக்கு மெடல் குத்திக்கொண்டு நிற்க வேண்டுமே. பிரெஞ்சு ராணுவ பென்ஷனில் தவளக்குப்பத்தில் வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறான். வருடத்தில் ஒரு மாதம் திறப்பான். அந்த வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை.

ஜூலை 5, சனி

வந்தான். எப்போதும் போலப் பை நிறைய சாக்லேட், சென்ட், யாரும் சாப்பிடாத ஒரு சீஸ்.

"சவா, அண்ணா?"

"இருக்கேன்."

பிரெஞ்சில் நலம் கேட்டான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்குள் என் மகள் ஆஷ்லின் பையைக் கவிழ்த்துவிட்டாள். அடியில் ஒரு அட்டைப்பெட்டி. சுருட்டை முடியை நேராக்கும் கிரீம். தம்பி மகள் ஜெரின் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஜெரினுக்கு அவள் அப்பா மாதிரி கோரை முடி, இதெல்லாம் அவளுக்குத் தேவையே இல்லை. யாரோ தோழியிடம் கேட்டு வாங்கினாளாம். இரண்டு பெண்களும் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் இதைத்தான் பேசியிருக்கிறார்கள். என் வீட்டில் நடப்பது எனக்குப் பாரிஸிலிருந்துதான் தெரிய வேண்டியிருக்கிறது.

விஷயம் இது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆஷ்லின் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர வேண்டும். தேர்வு செய்த மேனேஜர் கடைசியில், "முடிய மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு வாம்மா" என்றானாம். பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் காதோரம் சுருண்டு நிற்கும் முடி. என் முடி.

"எவ்ளோ நேரம் வைக்கணும் சித்தப்பா?" என்று அவனைக் கேட்டாள். நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான். வேதியியல் எம்.எஸ்சி. நான். அவன் பெட்டியைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் பார்த்து, "இருவது நிமிஷம்" என்றான்.

நான் பேப்பரைப் புரட்டினேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பழைய காபி டம்ளர் ஒன்றே நினைவில் வந்துகொண்டிருந்தது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண். கட்டிக்கொண்டால் பிரான்ஸ் போகலாம், இந்த ஊரில் அப்படிப்பட்ட சம்பந்தத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்குத்தான் வந்தது. மூத்தவன், படித்தவன். பெண்ணின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "பெரியவருக்கு இன்னா தலை இப்படி இருக்குது? சின்னவரு இன்னா பண்றாரு?"

சின்னவன் அப்போது எதுவும் பண்ணவில்லை. முடி மட்டும் நேராக இருந்தது. பெண் அவனுக்குப் போனாள்.

வெரோனிகாவிடம் இதை நான் சொன்னதே இல்லை. மனைவியிடம் சொல்லக்கூடிய விஷயமா? ஆஷ்லினிடம் மட்டும் எப்படிச் சொல்வது, அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று.

ஜூலை 9, புதன்

வெரோனிகா பெட்டியோடு வந்தாள்.

"ஏங்க, நீங்களும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. எவ்ளோ நேரம்? தம்பி இருவதுன்னுது. எனக்குப் பயமா இருக்குது."

நானும். தம்பிக்கு அப்புறம் நானும்.

ஆனாலும் உள்ளே இருந்த பிரெஞ்சுத் தாளைப் பிரித்துப் படித்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் ஆய்வகத்தில் கையுறை போட்டுத் தொடும் அதே காரம். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து நேராக்குகிறது. மெல்லிய முடிக்கு ஒரு நேரம், நடுத்தரத்துக்கு ஒரு நேரம், தடித்த முடிக்கு ஒரு நேரம். அவன் கடைசி வரியைப் படித்திருக்கிறான். போதாததற்கு ஜெரின் வாங்கியது மூன்று வகைகளில் மிகக் கடுமையானது. இருபது நிமிடம் வைத்தால் தலையில் பாதி கையோடு வரும்.

தாள் முழுவதும் படித்தேன். இரண்டு பக்கமும்.

"சனிக்கிழமை சொல்றேன்" என்றேன். அவசரத்தில் பதில் சொல்பவன் அவன், நான் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். ஆஷ்லின் முடியும் என் முடியும் ஒன்றுதான். என் காதுக்குப் பின்னால் சில கற்றைகள் கத்தரித்து, நூலால் கட்டி, குளியலறையில் ஒரு பீங்கான் தட்டில் கிரீமைத் தடவிப் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் கழுவிய கற்றை மறுபடி சுருண்டது. பதினொன்றில் கழுவியது அலை மாதிரி படிந்து, இழுத்தாலும் தாங்கியது. பதினைந்தில் கழுவியது ஊறின சேமியா மாதிரி கையிலேயே அறுந்தது.

படிந்து கிடந்த அந்தக் கற்றையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அளவுக்குத்தான் நான் கோணலாக இருந்தேனா?

ஜூலை 12, சனி

வெரோனிகாவும் ஆஷ்லினும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது சொன்னேன்.

"பதினொரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது."

ஆஷ்லின் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா இருவதுன்னாரே?"

"அப்ப சித்தப்பாவையே கேட்டுக்க."

"ஐயோ, கோவத்தப் பாரு. சரிப்பா, பதினொண்ணு. வேற எதுனா இருக்கா?"

"கேட்டதுக்குச் சொல்லிட்டேன்" என்று கை கழுவ எழுந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தவளக்குப்பம் வீட்டில் வைத்துப் போடப்போகிறார்கள். அங்கே கையில் பிடிக்கிற ஷவர் இருக்கிறதாம். நம் வீட்டில் வாளியும் சொம்பும்தானே.

ஜூலை 14, திங்கள்

பேண்டு சத்தம் இங்குவரை கேட்டது. போகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எழுதித்தான் ஆகணும்.

பள்ளியிலிருந்து வந்து சட்டை கழற்றவில்லை. தம்பி போன். நான் எடுக்கமாட்டேன் என்று தெரிந்தும் விடாமல் அடித்திருக்கிறான். எடுத்தால், "அண்ணா, கெளம்பி வா. பாப்பா தலை வெந்துடுச்சு" என்கிறான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், அதற்குள் அவள் சத்தம்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன், கடலூர் ரோட்டில் எந்த வண்டியை உரசினேன், தெரியாது. உள்ளே போனால் குளியலறையில் பிள்ளை குனிந்து நிற்கிறாள். தம்பி முழங்கால்வரை நனைந்து, ஷவரை அவள் உச்சியில் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம்டா செல்லம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். உச்சியிலும் பிடரியிலும் தோல் சிவந்து, இடையிடையே வெள்ளையாகச் சுருங்கி.

வெரோனிகா சுவரில் சாய்ந்து அழுதபடி சொன்னாள்.

"நாலு நிமிஷத்துலயே எரியுதும்மான்னா. கழுவிடலாம் வாடின்னேன். இல்லம்மா, அப்பா பதினொண்ணு சொல்லிருக்காரு, இன்னும் ஆகலன்னு பல்லக் கடிச்சிக்கினு உக்காந்துட்டா. போன்ல டைம பாத்துக்கினே..."

என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே. கேட்டுட்டா. என் புள்ள கேட்டுட்டா.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தம்பியின் காரில் போனோம். இளம் டாக்டர், பெண். தலையைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்குத் தலைக்குக் குளிச்சீங்களா?" என்றாள்.

"காலைல எண்ணெ வெச்சி, சீயக்கா போட்டு நல்லா தேச்சி உட்டேன் டாக்டர்" என்றாள் வெரோனிகா. "வெள்ளிக்கெழம இல்ல? அதோட, கெமிக்கல் போடறதுக்கு முன்னாடி தலை சுத்தமா இருக்கணும்னு நகத்தால பறிச்சித் தேச்சேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "அதுதான்மா. தோல்மேல இருக்கிற பிசுக்குதான் காப்பு. அத எடுத்து, நகத்தாலயும் கீறி, அதுமேல காரத்தப் போட்டிருக்கீங்க. முன்னாடி சில நாள் தலைக்கே ஊத்தக் கூடாது. எரிஞ்சா உடனே கழுவிடணும், எத்தன நிமிஷம் ஆனாலும் ஆவாட்டியும். பெட்டிலயே போட்டிருக்குமே?"

"பிரெஞ்சுல இருந்தது" என்றாள் வெரோனிகா.

நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஜூலை 19, சனி

போட்டிருந்தது. கறுப்பு எழுத்தில், கட்டம் கட்டி. புதன்கிழமையே படித்தேன். தலைக்குக் குளிக்காதீர்கள். சொறியாதீர்கள். எரிந்தால் கழுவிவிடுங்கள்.

ஏன் சொல்லவில்லை? மறதி என்று எழுதினால் பொய். கேட்டது "எவ்வளவு நேரம்" என்று மட்டும். அதற்கு மிகச் சரியான விடை என்னிடம் இருந்தது. என் முடியையே வெட்டிக் கண்டுபிடித்த விடை. மற்றதை அவள் என்னிடம் வந்து, பணிந்து, கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தாள் — "வேற எதுனா இருக்கா?" அப்போது எனக்குச் சித்தப்பா என்ற சொல் காதில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

பதினொரு நிமிடம் முடிக்குத்தான். வெட்டிய முடிக்கு வலிக்காது. அதற்குக் கீழே தோல் இல்லை. இதைக்கூட யோசிக்காதவன் என்ன வேதியியல் படித்தான்?

வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்: கேட்டதற்கு மட்டும் விடை எழுது, கூடுதலாக எழுதினால் மதிப்பெண் கிடையாது. பரீட்சைத் தாளுக்கு அது சரி.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. நேற்று தம்பி வீட்டுக்குள் செருப்போடு ஓடியிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

மருந்து தடவும்போது பிடரியில் ஒரு கைப்பிடி முடி வேரோடு வந்துவிட்டது. வெரோனிகா அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

நான் ஆஷ்லின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தத் தாள்ல எல்லாமே போட்டிருந்துச்சு. நான் படிச்சேன்."

"தெரியும்பா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே ஜெரினுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவ படிச்சுச் சொன்னா."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா தான்தான் தேச்சு உட்டுட்டேன்னு அழுதுக்கினு இருக்கு. நீங்க சொல்லுங்க."

பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "நான் நேரா உங்ககிட்டயே மொதல்ல கேட்டிருந்தா, எல்லாத்தையும் சொல்லிருப்பீங்க இல்ல?"

"ஆமா."

"அதான்" என்றாள். சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.

வெரோனிகாவிடம் மாலைக் காபிக்குப் பிறகு சொன்னேன். அவள் கத்தவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ராத்திரிக்குத் தோசை சுட்டுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆஷ்லின் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். விட்டு விட்டு உதிர்ந்து கிடந்ததை இனிமேல் வேறு எதுவும் செய்ய முடியாது. உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் பொருக்கு. கண்ணாடிமுன் நின்று, "பையன் மாதிரி இருக்கேன்ல?" என்று சிரித்தாள். அம்மா சிரிக்க முயன்று அழுதுவிட்டாள்.

சின்ன வயதில் முடியை ஒட்ட வெட்டி நான் எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு இப்போது என் சாயலைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மேனேஜர் ஒரு நிமிடம் பார்த்தானாம், "அடக்கிட்டு வான்னா இவ்ளோவா?" என்றானாம். முடி வளரும்வரை முன்மேசை வேண்டாம், உள்ளே முன்பதிவு போனைப் பார்த்துக்கொள் என்று பின்னறையில் உட்கார வைத்துவிட்டான். அவள் கேட்ட வேலை அது இல்லை.

அந்த ஆளை நான் மறக்கமாட்டேன். இதை எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி ஊருக்குக் கிளம்பினான். விமான நிலையம் போகும் வழியில் வந்தான். ஆஷ்லினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். என்னிடம், "இருவதுன்னு நான் சொன்னத நெனச்சா தூக்கமே வரல அண்ணா" என்றான்.

"அன்னிக்கித் தண்ணிய நீ நிறுத்தாம ஊத்தினது நல்லதாப் போச்சு" என்றேன்.

பழைய கணக்கு அப்படியே இருக்கிறது, இன்று எடுத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலை ஆஷ்லின் கூட வேலை செய்யும் பெண்ணை அழைத்து வந்தாள். பெயர் ஹனீன். வீட்டில் கல்யாணமாம், இதே மாதிரி கிரீம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். நான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பாவக் கேளு" என்று ஆஷ்லின் சொல்வது கேட்டது.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து, "அங்கிள், இத எவ்ளோ நேரம் வைக்கலாம்?" என்றாள்.

பேனாவை மூடி வைத்தேன். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டேன். மருதாணி, சாயம் எதுவும் போட்டிருக்கிறாளா, தலையில் புண் உண்டா, யார் போட்டுவிடப் போகிறார்கள், பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். தாளை வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். கட்டம் கட்டியிருந்ததை இரண்டு முறை.

"வினாத்தாள் குடுக்காம எங்கப்பா பதில் சொல்லமாட்டாரு" என்றாள் ஆஷ்லின், கதவில் சாய்ந்தபடி. அவள் தலையில் முடி விரற்கடை அளவு வளர்ந்திருக்கிறது. உச்சியில் அந்த ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அங்கே இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

ஒரு கற்றை வெட்டி முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் நேரம் என்றேன்.

"சரி அங்கிள். நீங்க ஒரு டைம் சொல்லி, அதுக்கு முன்னாடியே எரிஞ்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆஷ்லின் சொன்னாள்:

"கழுவிடு. எங்கப்பாவே சொல்லிருந்தாலும்."

ஹனீன் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.