போகியில் எரிந்த சீட்டுகள்

21-1-1974, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் நான், என் மகள் கமலா, அவள் மாமியார் ராஜம்மாள், டாக்டரம்மா.

கமலாவுக்கு உடம்பே உடம்பைத் தாக்கும் வியாதி; வீக்கத்தில் நடக்கவே கஷ்டம். இதே வியாதிக்காரர்களின் விவரங்களை மூன்று ஊர் ஆஸ்பத்திரிகள் ஒன்றாக வைத்துப் பார்க்கின்றன.

"மதுரையில ஒரு பொண்ணுக்கு மாத்திரையைக் குறைச்சும் வீக்கம் வரல. கமலாவுக்கும் குறைக்கலாமான்னு பார்க்கணும். பழைய மருந்துச் சீட்டெல்லாம் எங்கே?" என்றார் டாக்டரம்மா.

"குப்பைன்னு போகியில கொளுத்திட்டேன்" என்று ராஜம்மாள் சிரித்தாள்.

"நீங்க எழுதிக்கோங்கம்மா, நான் சொல்றேன்" என்றேன். நாலு வருஷக் காய்ச்சல், வீக்கம், மாத்திரை அத்தனையையும் ஆடிக் கிருத்திகை, தீபாவளி என்று நாள் வைத்துச் சொன்னேன். இரண்டு பக்கம் நிரம்பியது.

"போதும்மா, இவங்க விவரத்தையும் அந்த மூணு ஊர்க் கணக்குல சேர்த்துக்கறேன். மாத்திரையை மெதுவா குறைச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

தாம்பரம் வரும்வரை ரயிலில் நான் சம்பந்தியோடு பேசவில்லை. இனிமேல் சீட்டெல்லாம் என் டிரங்குப் பெட்டியில்தான். கமலா எழுந்து நடப்பாள். அன்றைக்கும் நான் மன்னிக்காத ஒருத்தி இருப்பாள், ராஜம்மாள்.